கை நீட்டாத சபாபதி முதலியார்

“இது தறியிலே உழைக்கிற கை. ஏகாம்பரநாதர் சந்நிதியிலே விபூதி வாங்குறதுக்குத் தவிர எவன் முன்னாடியும் இது நீண்டதில்லை. நீளப் போறதும் இல்லை. என் இல்லத்துக்குள்ளே வந்தவங்க கையும் இனிமே நீளாது. இது சத்தியம்!”

பிள்ளையார்பாளையத்தில், தம்முடைய ‘அங்கவீனர் உழைப்பு இல்ல’த்தின் திறப்பு விழாவில், கழுத்து நிறைய மாலையோடு சபாபதி முதலியார் இப்படி முழங்கினார். அறுபத்தாறாம் வருஷம் அது. ‘சத்தியம்’ என்ற இடத்தில் வாடகை ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது, கூட்டம் பொருட்படுத்தவில்லை. முன்வரிசையில் பலமாகக் கைதட்டியவர் நகரசபை உறுப்பினர் பூவராகவன். அம்மனுக்குக் கூழ் வார்ப்பதிலிருந்து மயானத்து மராமத்து வரை எதற்கும் அவர் பலமாகத்தான் கைதட்டுவார் என்பது முதலியாருக்கு அப்போது தெரியாது.

முதலியார் கொள்கைக்காரராகப் பிறந்தவர் அல்லர். ஒழுங்காக நெய்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்த மனிதர். அடுத்த தெருவில் ஒரு நெசவாளி செத்துப்போனார் என்று துக்கம் விசாரிக்கப் போனதில் வந்தது வினை. அந்த வீட்டின் இருட்டறையில், நூல் மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் வடிவு. பிறவியிலேயே பார்வை கிடையாது. வெளியே தெரிந்தால் அக்காளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அவளை ஊருக்குக் காட்டாமலே வளர்த்துவிட்டார்கள். அவளும் ஊரைப் பார்க்கவில்லை. ஊரும் அவளைப் பார்க்கவில்லை. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை, முதலியார் ஒருவரைத் தவிர.

அவர் மனைவி தில்லையம்மாள் வாசலிலேயே மறித்தாள். “இன்னாங்க, துக்கத்துக்குப் போனவரு பொண்ணைக் கூட்டிக்கினு வர்றீங்க?”

“பிள்ளை இல்லை, பிள்ளை இல்லைன்னு அழுதுக்கினு இருந்தியே, இந்தா.”

“இப்போ நான் ஆரத்தி எடுக்கணுமா, சோறு போடணுமா?”

“மொதல்ல சோறு.”

வடிவு அன்று முதல் அவரை ‘நைனா’ என்றாள். ஒரு பெண் உள்ளே வந்ததும் ஊர் தன் பின்கட்டுகளைத் திறந்துகொண்டது. கால் சூம்பியவர்கள், காது கேளாதவர்கள், கை விளங்காதவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கோயில் வாசலிலிருந்து கண்ணாயிரம் வந்தான். அவனுக்கும் பார்வை இல்லை. ஆயிரம் கேட்டால் ஒன்றாவது கிடைக்கும் என்று தகப்பன் நினைத்து வைத்த பெயராக இருக்கலாம். கடவுள் பேரத்துக்கு மசியவில்லை.

இவர்களை முதலியார் சும்மா உட்கார வைக்கவில்லை. பட்டுநூலைத் தாரில் சுற்றும் வேலையைப் பழக்கினார். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னஞ்சிறு குழல். ஒருவர் இரண்டு கைகளையும் ஒரு முழ இடைவெளியில் நிமிர்த்தி நீட்டி, வளையமாகச் சுற்றிய நூல் சிட்டத்தை அதில் மாட்டிக்கொண்டு உட்காருவார். எதிரே இருப்பவர் ராட்டினத்தைச் சுற்றுவார். கண்ணில்லாத விரல்களுக்கு நூலில் விழுந்த முடிச்சு உடனே தெரியும். தெருக்காரர்கள் நூல் கொடுத்தார்கள், கூலியும் கொடுத்தார்கள். இல்லத்தில் நாள் முழுக்க ராட்டினச் சத்தமும் கண்ணாயிரத்தின் பாட்டும். பாட்டைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு பட்டுநூல் விலை ஏறிற்று. தறிகள் பாதி நின்றன. தார் சுற்றும் வேலையும் நின்றது. ஐப்பசி மழை இல்லத்தின் பின்சுவரைப் படுக்க வைத்தது. தில்லையம்மாள் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். இல்லத்தை மூடினால் வடிவு மறுபடி இருட்டறைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் கோயில் வாசலுக்கு.

தர்ம ஸ்தாபனங்களுக்கு நகரசபை வருஷாவருஷம் மானியம் கொடுக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். முதலியார் யோசித்தார். சத்தியம் வேறு செய்தாயிற்று. கடைசியில், மனு கொடுப்பவன் மனுவைத்தான் நீட்டுகிறானே தவிர கையை நீட்டவில்லை என்று முடிவுக்கு வந்தார். வெறும் வயிற்றில் தர்க்க சாஸ்திரம் நன்றாகவே வேலை செய்யும்.

தணிக்கைக்குப் பூவராகவனே வந்தார். அன்றைக்கென்று அதிசயமாகக் கொஞ்சம் நூல் வந்திருந்தது. எல்லாரும் குஷியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் நடுக்கூடத்தில் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

“முதலியாரே, இவங்கதான் அங்கவீனருங்களா?”

“ஆமாங்க.”

“வேலை செய்யிறாங்களே!”

“செய்யிறாங்க.”

“சிரிச்சிக்கினு வேற இருக்காங்க. வேலை செய்யிறவனுக்கு எதுக்குப்பா தர்மம்? நானும்தான் வேலை செய்யிறேன், எனக்கு எவன் குடுக்குறான்?”

“உங்களுக்குக் குடுக்குறவங்க இல்லாமலா கவுன்சிலரே, மாட்டினாத்தானே வெளியே தெரியும்!” என்றான் கண்ணாயிரம், ராட்டினத்தை நிறுத்தாமல்.

முதலியாருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பூவராகவன் சிரித்துவிட்டுத்தான் போனார். மானியம் வரவில்லை, தொழிற்கூடம் நடத்துவதற்கு லைசென்ஸ் எடுக்காததேன் என்று ஒரு தாக்கீது வந்தது. உதவி கேட்டவனைத் தொழிலதிபராக உயர்த்தி வைப்பதும் ஒரு வகை உதவிதான்.

நகரசபைக்குப் போய்ப் பூவராகவனைப் பார்த்தபோது, அவர் மனம் விட்டே பேசினார். அவர் கெட்டவர் அல்லர். அதுதான் முதலியாருக்குக் கடைசிவரை குழப்பமாக இருந்தது.

“பார்க்கிறவங்க மனசு இளகணும் முதலியாரே. உங்க இல்லத்துக்கு வந்தா எனக்கே உற்சாகமா இருக்குது. உற்சாகத்துக்கு எப்படி மானியம் எழுதுறது? அந்த ராட்டினத்தையெல்லாம் எங்கியாவது ஒளிச்சு வெச்சிட்டு, மறுபடி கூப்பிடுங்க.”

ராட்டினங்கள் பக்கத்து வீட்டுப் பரணுக்கு ஏறின. வந்த நூலையும் முதலியார் திருப்பி அனுப்பினார். யார் எப்போது வந்து பார்ப்பார்களோ என்று எல்லாரையும் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தார். “பாடாதேப்பா” என்று கண்ணாயிரத்திடம் கெஞ்சினார். விரல்களுக்கு வேலை இல்லாமல் வடிவு முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அங்கவீனர் உழைப்பு இல்லத்தில் உழைப்பு போய் அங்கவீனர் மட்டும் மிஞ்சியதும், அது பார்ப்பதற்கு முதல் தரமான தர்ம ஸ்தாபனமாக ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் கண்ணாயிரம் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“எங்கப்பா?”

“கோயிலுக்கு முதலியாரே.”

“சாமி கும்பிட்டுட்டு வந்துடு.”

“கும்பிட இல்லை. சும்மா உக்கார்றதுதான்னு ஆயிட்டுது. அங்கே உக்காந்தா நாலு பேர் வந்துக்கினு போய்க்கினு இருப்பாங்க. பாடினாலும் வேணாம்னு சொல்ல ஆளு இல்லை.” வாசற்படியில் நின்று திரும்பினான். “வருத்தப்படாதீங்க. என் பங்கு கஞ்சியை வடிவுக்கு ஊத்தச் சொல்லுங்க.”

முதலியார் தடுக்கவில்லை. அதன் பிறகு அவர் கோயிலுக்குப் போனால் தெற்கு மாடவீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு போவதையே விட்டுவிட்டார்.

பூவராகவன் மறுபடி வந்தார். சுவரோரத்து வரிசையைப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நிஜக் கண்ணீர்தான். “இப்போ சரியா இருக்குது” என்றார்.

மானியம் மஞ்சூர் ஆயிற்று. ஆனால் நகரசபையின் தர்மம் நாலு பேர் கண்ணில் படாமல் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் போய்விட முடியுமா? நகரசபைப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். நகரசபைத் தலைவர் கையால் இல்லத்தார் ஒவ்வொருவருக்கும் துணியும் அரிசியும். முதலியாருக்குச் சேர வேண்டியது கடைசியில் ஓர் உறையில். போட்டோ உண்டு.

“என்கிட்டேயே மொத்தமாக் குடுத்துடுங்களேன். அவங்க எதுக்குங்க மேடைக்கு?” என்றார் முதலியார்.

“அவங்க இல்லாம யாரு முதலியாரே வாங்குறது? மேடையிலே வேணாம்னா தீர்மானத்தையே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுவாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் உங்க சுவரு நிக்குமா?”

சுவர் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பதை முதலியார் சொல்லவில்லை. தலையாட்டினார்.

விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல், பூவராகவன் போட்டோக்காரரோடு இல்லத்துக்கே வந்து ஒத்திகை பார்த்தார். தலைவருக்குப் பதிலாகத் தாமே ஒரு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் கையை நீட்டுங்கம்மா, நீட்டுங்கப்பா.”

கை நீட்ட முடிந்தவர்கள் எல்லாரும் நீட்டினார்கள். இரண்டு கைகளும் ஒரு முழம் விலகி, கட்டைவிரல் மேலே நிமிர்ந்து, ஒன்றை ஒன்று பார்த்தபடி. அந்த வீட்டில் ‘கையை நீட்டு’ என்றால் சிட்டம் மாட்டத்தான். நூலுக்காக அத்தனை கைகளும் ஆசையோடு காத்து நின்றன.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். “இன்னா சார் இது, அளவு காட்டுறாங்களா?”

“தலைவர் எதிர்லே இப்படி நின்னா சனங்க சிரிக்க மாட்டாங்க?” என்றார் பூவராகவன். “முதலியாரே, நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க. நாளைக்குச் சரியா இருக்கணும்.” இருவரும் போய்விட்டார்கள்.

முதலியார் வரிசையின் முன்னால் உட்கார்ந்தார். முதலில் வடிவு. அவள் கைகள் இன்னும் சிட்டத்துக்காக நீண்டபடியே இருந்தன.

“எப்படி நைனா பிடிக்கணும்?”

“ரெண்டையும் சேர்த்தும்மா.”

அவள் கைகூப்பினாள்.

“அப்படி இல்லேம்மா. அது கும்பிடுறது. இது வந்து… மல்லாக்க. உள்ளே கொஞ்சம் குழிஞ்சாப்பல.”

அவள் பலவிதமாக முயன்றாள். பார்த்திராத ஒன்றை எப்படிச் செய்வது? இருபது வருஷம் இருட்டறையில் இருந்தவளுக்கு யாரும் எதையும் ஏந்திக் காட்டியதில்லை.

“உன் கையைக் காட்டேன் நைனா. தொட்டுப் பார்த்துக்கறேன்.”

தில்லையம்மாள் சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். முதலியார் தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தம்முடைய இரண்டு கைகளையும் சேர்த்து, மல்லாத்தி, குழித்து, அவள் முன்னால் நீட்டினார்.

வடிவு மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நிதானமாகத் தடவிப் பார்த்தாள். நூலில் முடிச்சுத் தேடும் அதே கவனம்.

“இவ்வளவு உயரத்திலேயா, இன்னும் தாழவா நைனா?”

“இன்னும் கொஞ்சம் தாழம்மா” என்று முதலியார் கைகளைத் தாழ்த்திக் காட்டினார்.