துலூஸிலிருந்து நின்று நின்று வந்த முகம்

“போர்டு, ரேமு, ஹார்டு டிஸ்க்கெல்லாம் அப்டியே இருக்கட்டும் சார். பிராசஸர மட்டும் மாத்துங்க, இன்னும் கொஞ்ச நாளு ஓடும்” என்றார் அரியாங்குப்பத்துக் கடைக்காரர். ஓடட்டும். முதுகு, முழங்காலெல்லாம் அப்படியே இருக்க, மூளையை மட்டும் மாற்றித் தருகிற கடை ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நானே மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். விசிறியைக் கழற்றி, பிராசஸரின் தலையில் காய்ந்து கிடந்த பசையைத் துடைக்கப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன். பலருக்கு அது ஊசி போடுகிற வாசனை. எனக்கு அது ரெஜின்.

பல வருடங்களுக்கு முன், புதுச்சேரி உப்பளத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரான்சுக்குப் போகும் கடிதங்களை பிரெஞ்சில் அடித்துக் கொடுப்பது ரெஜினின் வேலை. மூலையிலிருந்த அவள் கணினிக்கு மட்டும் பிரெஞ்சு கீபோர்டு. நமக்கு ‘க்யூ’ இருக்கிற இடத்தில் அதில் ‘ஏ’ உட்கார்ந்திருக்கும். நான் தொட்டால் ஒரு சொல்கூட உருப்படியாக வராது. “கீபோர்டு மட்டும் பாரீசு, மத்ததெல்லாம் உப்பளம்” என்பாள்.

அவளுக்கு பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சம்மதம், அவள்தான் பிடிகொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டு பேசுவாள். மாப்பிள்ளையின் முகம் வரும், வந்து நிற்கும். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, சிரிக்கிறாரா தும்முகிறாரா என்றே தெரியாது.

“இன்னாப்பா இது, பாஸ்போர்ட்டு போட்டோ மாரியே நிக்கறாரு? சிரிச்சா எப்டி இருப்பாருன்னு பாக்காம நான் எப்டி சரின்னு சொல்றது?”

“லைன் நல்லாத்தான் இருக்கு. மிஷினுக்குத்தான் மூச்சு வாங்குது.”

“அப்ப மிஷினப் பாரு. நீதான மெக்கானிக்கு?”

நான் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அவள் சரியென்று சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான், அவளைச் சரியென்று சொல்லவைக்கப்போகிற பிராசஸரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். மூடிய அலுவலகம் ஒன்றின் கழிவுக் குவியலில் கிடைத்தது. அதே போர்டில் உட்காரும், பழையதைவிட வேகமானது.

அவள் கணினியைத் திறந்து, பிராசஸரைப் பிடித்திருந்த பக்கத்துக் கம்பியைத் தூக்கிப் பழையதை எடுத்தேன். புதிதாக வந்ததை மூலைக்குறி பார்த்து வைத்தேன். அழுத்தவே கூடாது, தானாக இறங்க வேண்டும். இறங்கியது. ஸ்பிரிட், பசை, விசிறி. மற்றபடி அதே ரேம், அதே டப்பா, அதே பாரீசு கீபோர்டு.

“ஓடுமா?”

“ஓடும்.”

“பத்திக்கிச்சின்னா?”

“ரெண்டு பேரும் ஓடிடலாம்.”

“மூஞ்சப் பாரு” என்று சிரித்தாள். நானும் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பற்றிக்கொள்ளவில்லை. அன்று மாலை துலூஸ் முகம் அசைந்தது. இமை அசைந்தது, அவருக்குப் பின்னால் திரைச்சீலைகூட அசைந்தது. ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். கன்னத்தில் நல்ல குழி. எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முதுகும் சிரிக்கும், பார்த்திருக்கிறீர்களா?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த முகம் நிற்கும்போதெல்லாம் அவள் நாற்காலியைத் திருப்பி என்னிடம் பேசுவாள். தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் அவள் அம்மா வஞ்சிரத்துக்குப் போட்ட சண்டை, கோயில் பாட்டுக் குழுவில் யாரோ சுருதி விட்டது. படம் அசைந்ததும் பாதிப் பேச்சில் திரும்பிவிடுவாள். மிச்சம் அடுத்த முறை நிற்கும்போது வரும். என் அந்த நாட்கள் முழுக்க அந்த இடைவெளிகளில்தான் இருந்தன. அன்றும் இணைப்பு கிடைப்பதற்கு முன் ஒன்று ஆரம்பித்தாள்: “நேத்து பீச்சாண்ட உன்னப் பாத்தேன், கூப்புடலாம்னு…” அதற்குள் முகம் வந்துவிட்டது. வந்தது நிற்கவேயில்லை.

போய்விட்டாள். சென்டரும் போய்விட்டது, அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அரியாங்குப்பத்துப் பாலம் கடக்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பிரான்சிலிருக்கும் மகனோடு உள்ளங்கையில் பேசிக்கொண்டு வருகிறார். படம் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை. எங்கள் நிறுத்தம் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.