தொழிலுக்குப் போன பரசுராமன்

தமிழில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் ஒன்பது பொருள் சொல்லுவேன் என்று, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அது கொஞ்சம் அதிகம்தான். மூன்று சொல்லுவேன்; மீதி ஆறும் நானே கட்டிவிட்டவை. ஆனால் 'தொழில்' என்ற சொல்லுக்கு நான் எதையும் கட்டிவிட வேண்டியிருக்கவில்லை. கவரைப்பேட்டைப் பக்கத்து ஜனங்களே அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

மதுவிலக்குக் காலம். ஐம்பத்துமூன்றோ நாலோ. நிலம் வைத்திருந்தவர்கள் செய்தது வெள்ளாமை. ஸ்டேஷனில் கொடி காட்டியவர் பார்த்தது டூட்டி. தாலுகா கச்சேரியில் எழுதியவருக்கு உத்தியோகம். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்த அசன் முகைதீனுக்கு யாவாரம். கூலிக்குப் போனவர்களுக்கு வேலை. தொழில் மட்டும் யாருக்கும் இல்லை. பனந்தோப்புக்குள் அடுப்பு மூட்டிச் சாராயம் காய்ச்சுவதற்கென்று அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டார்கள். அவன் தொழில் பண்றான் என்று சொல்லும்போது குரல் தானாகவே இறங்கும்.

இது தெரியாமல் முத்தம்மாள் அங்கே வந்தாள். மீனவர் வீட்டுப் பெண். பழவேற்காட்டு ஏரி பெருகிக் குடிசையை அடித்துக்கொண்டு போனபின், அப்பாவு என்பவரின் நெல் வயலில் கூலிக்குச் சேர்ந்து, அவர் காட்டிய மூலையில் குடிசை போட்டாள். புருஷன் பரசுராமன் ஏரியை விடவில்லை. இருட்டோடு கிளம்பிப் போவான். சில நாள் கழித்து இருட்டோடு வருவான். படகும் வலையும் அங்கேயே இருக்கும், மீனைக் கரையிலேயே விற்றுவிடுவான். ஊர் பார்த்ததெல்லாம் அவன் இடுப்பில் முடிந்திருந்த காசைத்தான்.

புருஷன் எங்கே என்று கேட்டால், ஏரிக்கரையில் எல்லோரும் சொல்வதைப் போல, தொழிலுக்குப் போயிருக்கிறார் என்பாள் முத்தம்மாள். மீனவர்களுக்குத் தண்ணீரில் இறங்குவதுதான் தொழில். நடவு வயலில் அவள் அதைச் சத்தமாகச் சொன்னபோது மற்ற பெண்கள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இப்படியும் ஒரு நெஞ்சழுத்தமா என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். கொஞ்ச நாளில் அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் குடிசைக்கு யார் போனாலும் வெளியே வரும்போது ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊர் தன்னை வெறுக்கிறது என்று அவள் நினைத்தாள். ஊரோ அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் காற்று வந்தது. பனைமட்டைகள் பிய்ந்து ரயில் பாதை மேல் விழுந்தன. கிழக்கே வானம் வெளுக்கவே இல்லை. பரசுராமன் வரவேண்டிய நாள் கழிந்து வெகு நாளாயிற்று. முத்தம்மாளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அப்பாவு வாசலில் போய் நின்றாள்.

"நைனா, தொழிலுக்குப் போன மன்சன் இன்னும் வர்ல. ரெண்டு ஆள அனுப்பித் தேடச் சொல்லு நைனா."

அப்பாவு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெள்ளப் பேசு. தேடினாதான் வம்பு. எங்கனா ஒதுங்கிக்கினு இருப்பான், தானா வருவான்."

காற்றுக்குப் பயந்து ஏரியில் ஏதாவது தீவில் ஒதுங்கியிருப்பான் என்கிறார் போல என்று அவள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். அவர் ஊருக்குள் நுழையுமுன் சேதி நுழைந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு முத்தம்மாளை இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தாள். பரசுராமன் என்று ஒருவன் இந்த ஊர்தானே என்று போலீஸ்காரர் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றார் அப்பாவு. பெண்டாட்டி? அவளும் இல்லை. வந்த காரணத்தை முதலில் சொல்லும் வழக்கம் போலீசுக்கு அன்றும் இல்லை. கூடியிருந்த அத்தனை பேரும் அப்பாவு சொன்னதற்குத் தலையாட்டினார்கள். அந்த ஊர் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கேள்விப்பட்டதில்லை.

கொட்டகையில் முத்தம்மாள் கேட்டாள்: "நான் இன்னாத்துக்குக்கா ஒளியணும்?"

"உன் ஊட்டுக்காரன் தொழில் பண்றவன் ஆச்சே. உன்னப் புட்சிக்கினு போனா அவன் தானா வருவான்னு வந்துகிறாங்க."

"மீன் புடிக்கிறதுக்கா போலீஸ் வருது?"

சின்னப்பொண்ணு போலீஸ்காரரைக் கூப்பிட வெளியே ஓடினாள். அதற்குள் சைக்கிள் ரோடு ஏறிப் போயிருந்தது.

முத்தம்மாள் ஓடினாள். கும்மிடிப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனில் போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படகு கவிழ்ந்து ஏரியின் வடகரையில் ஒதுங்கிய ஒருவனைத் தெலுங்கு பேசுகிறவர்கள் தூக்கிக் கிடத்தியிருக்கிறார்கள். காய்ச்சலில் தன் பேரையும் கவரைப்பேட்டைப் பக்கத்து இந்த ஊரையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானாம். அப்படி ஒருவனைத் தெரியாது என்ற பதில் அவளுக்கு முன்னால் அங்கே போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் வெள்ளத்தில் உடைந்து கிடந்ததால் அவள் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைசியில் போய்ச் சேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதும், கயிற்றுக் கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

இதுவரை எழுதியதை முத்தம்மாளின் மகள் குணசுந்தரிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் காற்றின்போது வயிற்றில் இருந்தவள் இவள்தான். கோபப்படாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அது நடக்கல டீச்சரம்மா. எங்கம்மா போனப்ப கட்டில் காலியா கெடந்துச்சு. ஊர்ல யாருக்கும் உன்னத் தெரிலன்னு எங்கப்பாகிட்டயே சொல்லிட்டாங்களாம். அதக் கேட்டப்புறம்தான் அவருக்கு உசுரு போச்சு."