யார் மகள் என்று கேட்டபோது

நான் நர்சாகத் துபாய்க்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. ஞாயிறு அங்கே வேலை நாள் என்பதால் தமிழ் ஆராதனை வெள்ளிக்கிழமை காலையில் நடக்கும். முப்பது நாற்பது பேர் வருவோம். ஆராதனை முடிந்ததும் கராமா பகுதியில் ஒரு இன்ஜினியர் வீட்டில் எங்களில் சிலருக்குச் சாப்பாடு. அந்த வீட்டு அக்கா நான் போன முதல் வாரமே கேட்டிருந்தார்.

“அப்பா என்ன பண்றாங்கம்மா?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்கும்போது உள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கும். எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று நேரடியாகக் கேட்க மாட்டார்கள். “ஹெட்மாஸ்டர்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கழிப்பறை கழுவுகிறவர். எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் பெட்பேனை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பதும் அவர் வேலைதான். அந்த ஆஸ்பத்திரிதான் என்னை நர்சிங் படிக்க வைத்தது. அவர் கூட்டிக் கழுவிய வார்டிலேயே நான் வெள்ளை உடுப்புப் போட்டுப் பயிற்சி எடுத்தேன். மற்ற மாணவிகள் கூட இருந்தால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். அப்படி இருக்கச் சொன்னது நான்.

துபாயில் அந்த ஒரு பொய்க்கு மேல் நிறைய கட்டிவிட்டேன். அப்பாவின் பள்ளிக்கூடம், அவருடைய கண்டிப்பு, அவர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகை. அக்கா ஆசையாகக் கேட்பார். நானும் சொல்வேன்.

ஒரு புதன்கிழமை ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் எனக்கு டியூட்டி. கட்டட சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்துப் பேச்சு. மாவுக்கட்டின் கீழே விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்க வந்திருந்த அக்கா என் பின்னால் நின்றார். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நம்ம மிஷன் ஆஸ்பத்திரில பெட்பேன் எடுக்கிற அண்ணாச்சி மவதானே தாயி நீ? எங்க அம்மைய அவுகதான் ரெண்டு மாசம் பாத்தாவ.”

“நீங்க வேற யாரையோ நெனைச்சுப் பேசுறீங்க. எங்கப்பா ஹெட்மாஸ்டர்” என்றேன்.

அவர் என் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு, “மன்னிச்சிருங்க சிஸ்டர். ஆள் மாறிப் போச்சு” என்றார். அதற்குமேல் அவர் என்னைத் தாயி என்று கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளி அவர் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆராதனைக்கு வந்துவிட்டார். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார். என்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஊரையும் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை. நான் இருந்த பக்கமே திரும்பவில்லை.

“எங்கம்மை படுக்கையில கெடந்தப்ப, பெத்த புள்ளைங்க நாங்களே கிட்டப் போகக் கூசினோம். ஒரு பெரியவரு தெனமும் அசிங்கத்தத் தொடச்சு, விரிப்பு மாத்தி விட்டாரு. எனக்கு ஆண்டவரக் காட்டுனது பிரசங்கம் இல்ல, அவருதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சொந்த அப்பாவின் மகள் என்று ஒப்புக்கொள்ள முடியாதவள், வாராவாரம் தேவனுடைய பிள்ளை என்று பாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நான் எழுந்தேன். “என் அப்பா ஹெட்மாஸ்டர் இல்ல. ஆஸ்பத்திரியில கக்கூஸ் கழுவுறாங்க. இந்த அண்ணன் சாட்சியில சொன்ன பெரியவர் அவங்கதான்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் கூப்பிடவில்லை.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த அண்ணனிடம் போனேன்.

“நான்தான்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானே அண்ணே?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அது நீ சொல்ல வேண்டியது தாயி. நான் எப்படிச் சொல்ல?”

அப்பாவுக்கு எழுதலாம் என்றால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஊர்க் கோயில் உபதேசியார்தான் வாசித்துக் காட்டுவார். உபதேசியார் வாயால் அவர் இதைக் கேட்க வேண்டாம் என்று லீவு வரும்வரை காத்திருந்தேன். ஊருக்குப் போன மறுநாள் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்தத் தம்பிக்குக் கை கூடிருச்சா?” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு அந்த வேலை கூச்சமாவே இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

“மொதல்ல இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுத்தப்ப பாதிரி ஐயரு எல்லாருக்கும் முன்னால என்னப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அதுவரைக்கும் ஊருல எவனும் என்னப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல மக்ளே, ‘ஏலே’தான். இனிமே நீ ஆண்டவருக்குச் சொந்தம்னாரு. நான் அத நம்பிட்டேன். பொறவு எவன் என்ன சொன்னாலும் பெருசாப் படல.”

அதே கோயிலில், அதே தண்ணீரில், கைக்குழந்தையாக எனக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்பா ஒரே நாளில் நம்பியதை நம்ப எனக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.