சார்ஜன்ட் படத்துக்கு ஒரு மாலை

எட்டு வயதில், ஏறக்குறைய நான்கு மாதம், நான் ஒரு மனிதரைச் சாகடிக்கப் போகிறேன் என்ற பயத்தோடு பள்ளிக்கூடம் போய்வந்தேன். இதை என் கணவரிடமே போன மாதம்தான் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயம்தானா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் டெக்சஸின் மேற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். டாக்டர் யாரும் வர விரும்பாத ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தால் இந்த நாட்டிலேயே தங்கிவிடலாம் என்ற ஏற்பாட்டில் அப்பா அங்கே போயிருந்தார். ஊர் என்றால் ஒரு பெட்ரோல் பங்க், மூன்று சர்ச், ஒரு பள்ளிக்கூடம், அப்பாவின் கிளினிக், ஒரு பார். எங்கள் வாடகை வீடு அந்த பாருக்குப் பின்னால், அதே நிலத்தில் இருந்தது. பாரை நடத்தியவர்தான் வீட்டுக்காரர். வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். ஊரே அவரை சார்ஜன்ட் என்றது. பெரியவர்களை அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் எனக்கு மட்டும் அவர் அங்கிள்.

அம்மாவுக்கு ஈரோட்டுப் பக்கம். குடிக்கிற இடத்துக்குப் பின்னால் குடியிருக்கிறோம் என்று எப்படிச் சொல்வாள்? ஃபோனில் பெரியம்மாவிடம், "முன்னால ஒரு ஹோட்டலுக்கா. நல்ல கூட்டம் வரும். அந்த மனுசனும் தங்கமான மனுசன்" என்பாள். முழுப் பொய்யும் இல்லை. மத்தியானம் பர்கர் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். தங்கமான மனுசன் என்பதில் சந்தேகமே இல்லை. அதிகம் குடித்துவிட்டவர்களின் கார் சாவியைப் பிடுங்கி ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, தன் டிரக்கில் அவரே வீட்டில் கொண்டுபோய் விடுவார். மறுநாள் காலை சாவி கேட்டு வருகிறவர் தலைகுனிந்து நிற்பார். அவருக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகுதான் சாவி தருவார்.

என் பள்ளி பஸ் மூன்று இருபதுக்கு பார் வாசலில் நிற்கும். அம்மா கிளினிக்கில் ஃபைல் அடுக்கும் வேலையில் இருந்தாள். நாலு மணிக்குத்தான் வருவாள். அதுவரை நான் கவுண்டரின் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அங்கிள் ரூட் பியரில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் மிதக்கவிட்டுத் தருவார். பெயரில் பியர் இருந்தாலும் அது வெறும் சோடா என்று அம்மாவுக்குப் புரியவைக்க அப்பாவுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கல்லாவுக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. ராணுவ உடையில் ஒரு இளைஞன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் பிடித்துத் தூக்கலாம் போல விரிந்திருந்தன. அங்கிளின் காதுகள் சின்னவை, தலையோடு ஒட்டியவை. வயதானால் காது சிறுத்துவிடுமா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அப்படித்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்த கிளாஸை எடுத்து மறுபடி துடைத்தார். அப்பாவிடம் கேட்டபோது, காது வளருமே தவிரச் சிறுக்காது என்றார். இரண்டு பேரும் பெரியவர்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அந்த நவம்பரில், போர்வீரர்களுக்கான நாள் வருவதற்கு முன், எங்கள் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்த போர்வீரர் ஒருவருக்கு, உங்கள் வீட்டில் மரியாதை செய்கிற விதத்தில் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வகுப்பில் எல்லாருக்கும் தாத்தாவோ மாமாவோ இருந்தார்கள். எனக்கு அங்கிள் இருந்தார். விதம்தான் யோசனையாக இருந்தது. மற்ற பிள்ளைகள் குக்கி செய்தார்கள், கார்டு வரைந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு மரியாதை செய்கிறோம்? பூஜை அலமாரியில் முருகன், பிள்ளையார், அப்பாவின் அப்பா. வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று பேர் படத்துக்கும் பொட்டும் பூவும் உண்டு. அந்த மூன்றாமவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாவைப் பற்றிக் குழந்தைகளிடம் பேச்செடுக்கக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை.

ஆகவே, அம்மா வீட்டுக்குப் பின்னால் வளர்த்த செண்டுமல்லியை ஒரு பை நிறையப் பறித்து, ஊசிநூலில் கோத்து, மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஸ்டூல் மேல் ஏறிப் படத்துக்குப் போட்டேன். கண்ணாடி மேல், நெற்றி வரும் இடத்தில், குங்குமமும் வைத்தேன். அங்கிள் சமையல் பக்கம் இருந்தார். கவுண்டரில் இரண்டே பேர்: குழாய் பதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், தினமும் வரும் வயதான பண்ணைக்காரர் ஒருவர். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். பாருக்குள் கால் வைக்க மாட்டாள், சமையல் பக்கக் கதவருகே நின்றுதான் கூப்பிடுவாள். அன்றும் அங்கே நின்றுதான் பார்த்தாள். அடுத்த நொடி உள்ளே இருந்தாள்.

"அய்யோ! உசுரோட இருக்கற மனுசனுக்கு என்னடி பண்ணி வெச்சிருக்கற!"

நான் நின்ற ஸ்டூலிலேயே அவளும் ஏறி, மாலையை இழுத்தெடுத்து, துப்பட்டாவால் குங்குமத்தைத் துடைத்தாள். அது இன்னும் பரவியது. அங்கிள் கையில் கரண்டியோடு வந்து நின்றார். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நேரத்தில் ஓடிப்போய்விட்டது. "சாரி சார். பேட், வெரி பேட்" என்றாள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அப்பா கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வந்தார். ஒருமுறை பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இது எங்கள் ஊர் அலங்காரம், நல்லது நடக்கப் போடுவது என்று அங்கிளிடம் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, பொய் சொல்லாதீங்க" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "அவருக்குத் தெரியோணும். பரிகாரம் பண்ணோணுமில்ல?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, உண்மையைச் சொன்னார். எங்கள் ஊரில் செத்தவர்களின் படத்துக்குத்தான் இப்படிப் போடுவோம். குழந்தைக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள்.

குழாய்க்காரர் சிரித்தார். "அதனால என்ன டாக்டர், சார்ஜன்ட் மூஞ்சி எப்பவுமே அப்படித்தானே இருக்கு!" வேறு யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் அம்மாவின் கையிலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்து அம்மா கொடுத்தாள். அவர் அதைத் திரும்பவும் படத்துக்கே போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டார். பிறகு, பூவை எப்போது மாற்றுவீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். வீட்டுக்கு வீடு வேறு, எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை, படத்தில் இருப்பவர் இறந்த தேதியில் போடுவார்கள் என்றார் அப்பா. அங்கிள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் பர்கர் கருகும் வாசனை வந்தது.

வீட்டுக்கு வந்தும் அம்மா ஆறவில்லை. "எந்த மனுசனாவது தன் படத்துக்குத் தானே மாலை போட்டுக்குவானா?" என்று அப்பாவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். விளக்கேற்றித் தேங்காய் உடைத்தாள். பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அவளுக்கு என்ன பதில் வந்ததோ, வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலைல தான் வந்து விடியும்."

அன்று தொடங்கியது என் காவல். அங்கிள் இருமினால் பென்சிலை வைத்துவிடுவேன். கூரைத் தகரம் சரிசெய்ய அவர் ஏணியில் ஏறினால் கீழே நின்று இறங்குங்கள் இறங்குங்கள் என்று கத்துவேன். முருகனிடம் வேண்டிக்கொண்டு ஐஸ்கிரீமை விட்டேன். ஏன் சாப்பிடவில்லை என்று அவர் கேட்டபோது வயிற்றுவலி என்றேன். பாவம், ஒரு வாரம் எனக்கு இஞ்சி சோடா கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் கதவைத் தட்டினார். தொப்பி ஒரு கையில், கடையில் வாங்கிய கார்னேஷன் பூக்கட்டு மறு கையில். அந்தப் பூ கிடைக்க முப்பது மைல் போகவேண்டும். அதை மாலையாகக் கட்டித்தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார். வாசலுக்கு வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்பியறியாத என் அம்மா, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கைவலி என்று மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். "எஸ், மேடம்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போனேன். படத்தில் மாலை. மீன் பிடிக்கும் நரம்பில், காம்பும் தலையுமாகத் தாறுமாறாகக் கோத்த கார்னேஷன். அவரே கோத்திருந்தார். இறந்த தேதியில் போடுவோம் என்று அப்பா சொன்னது எனக்கு நினைவு வந்தது. அப்படியானால் தேதி இன்றுதான். அவருக்கே தெரிந்திருக்கிறது.

புத்தகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். அங்கிள் ஓடிவந்து முன்னால் குந்தினார். யார் அடித்தார்கள், என்ன நடந்தது என்று கேட்டார். இன்றைக்குச் செத்துப்போவீர்களா என்று கேட்டேன். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மாலையைக் காட்டினேன். நான் போட்டதால்தானே, அதைக் கழற்றுங்கள், கழற்றுங்கள் என்று விக்கிவிக்கிச் சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மாலையைக் கழற்றி, சுருட்டி, கல்லாவுக்குக் கீழிருந்த இழுப்பறையில் வைத்து மூடினார். அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது, அது வேகும்வரை தான் எங்கேயும் போவதாக இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரண்டு கரண்டி ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். வீட்டுக்கு ஓடி, கழற்றிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். "முருகா" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அந்தப் படத்தில் நான் மாலையைப் பார்க்கவில்லை. எனக்குப் பதினொரு வயதாகும்போது அப்பாவுக்கு டாலஸ் பக்கம் வேலை கிடைத்து ஊரை விட்டு வந்துவிட்டோம்.

போன மாதம் அவர் இறந்த செய்தி வந்தது. எழுபத்தேழு வயது, தூக்கத்திலேயே போய்விட்டாராம். டாலஸ் பக்கத்தில் இப்போது நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து மூன்றரை மணி நேர டிரைவ். ஆறு வயது மகளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கூட்டிப்போனால் பயந்துவிடுவாளோ, சொல்லாமல் விட்டால் என்னைப் போல் ஆகிவிடுவாளோ. இந்தியன் கடையில் ஒரு செண்டுமல்லி மாலை வாங்கிக் காரில் வைத்தேன். அங்கே போய் இறங்கியதும், அவர்களுக்கு இது என்னவென்று தெரியாதே, தப்பாகிவிட்டால் என்று மாலையைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

எல்லாரையும் பாரில்தான் கூடச் சொல்லியிருந்தார்கள். கவுண்டர் மேல் இரண்டு படங்கள். ஒன்று நரைத்த தாடியோடு அங்கிள். பக்கத்தில் அந்த இளைஞன்.

"ஹூ இஸ் தட், அம்மா?" என்றாள் மகள்.

"அதுவும் அவர்தான், கண்ணா. சின்ன வயசுல."

அருகில் நின்ற வயதான அம்மாள், என்ன கேட்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார். அங்கிளின் தங்கை. சொன்னேன். இல்லையில்லை என்று கையாட்டினார். அது இந்த பாரின் பழைய முதலாளியுடைய மகன். அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஒரே நாளில் இரண்டு பேரும் பட்டாளத்துக்குப் போனார்கள், அண்ணன் மட்டும்தான் வந்தான். வந்தவன் நேராக அந்தக் கிழவரிடம் போய், நான் இருக்கிறேன் என்று கிளாஸ் கழுவ நின்றான். அப்படி நின்றதுதான், கடைசிவரை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் படத்தில் இருப்பது அண்ணன்தான் என்று நினைப்பார்கள், அவனும் திருத்த மாட்டான்.

நான் அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கை சொல்லிக்கொண்டே போனார். பிப்ரவரியில் அந்தப் பையன் இறந்த நாளன்று அண்ணன் காலையிலேயே பூ கோத்து மாட்டிவிடுவான். எங்கே கற்றுக்கொண்டானோ தெரியாது. ஆனால் சரியாக மூன்று மணிக்குக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிடுவான். இருபத்தேழு வருடமாக அப்படித்தான். இருக்கட்டுமே, நாள் முடியவில்லையே என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் கூடாது என்பான். அந்த மூன்று மணி என்ன கணக்கு என்று எங்கள் யாருக்குமே புரியவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா, கண்ணே?

தெரியாது என்று தலையாட்டிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் புரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று இருபதுக்கு என் பஸ் நிற்கும் இடம் அப்படியேதான் இருந்தது. அன்று அழுதபோது அவர் மாலையைக் கழற்றினார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. யாருடைய மாலையைக் கழற்றச் சொன்னேன் என்பது தெரிந்திருக்கவில்லை.

கார் கதவைத் திறந்தேன். மாலையைப் பார்த்துவிட்டு மகள், "விச் ஒன் இஸ் இட் ஃபார்?" என்று கேட்டாள்.

ஒன்றுதான் வாங்கியிருந்தேன்.