முனியாண்டிக்குப் பற்றவைத்த சுருட்டு

பள்ளியில் சுவாசப் பாடம் நடத்தும் நாளில் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுபோவேன். அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டு அங்கே ஒரு ரப்பர்த் தோலை இழுத்துக் கட்டியிருப்பேன். உள்ளே இரண்டு சிறிய பலூன்கள் தொங்கும். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும், விட்டால் சுருங்கும். நுரையீரல் காற்றை இழுப்பதில்லை, அதற்கு அந்தச் சக்தி கிடையாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அடியிலிருக்கும் உதரவிதானம் இறங்க, விலா எலும்புகள் உயர, நெஞ்சறை விரிகிறது. காற்று தானாக உள்ளே வருகிறது. மூச்சை இழுப்பதுதான் உடலுக்கு வேலை. விடுவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தசை தளர்ந்தால் போதும். மலேசியாவில், கூலிம் ஊரின் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை இதை மலாய் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, பிறகு பிரிந்து பிரிந்து மயிரிழை அளவு சிறுத்து, கடைசியில் காற்றுப் பைகளில் முடிகிறது. அங்கேதான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. பல வருடப் புகை அந்தச் சிறு குழாய்களை வீங்க வைக்கிறது, சளியால் அடைக்கிறது. காற்றுப் பைகளின் சுவர்கள் உடைந்து, நூறு சிறிய அறைகள் இருந்த இடத்தில் சில தொளதொளத்த பெரிய அறைகள் மிஞ்சுகின்றன. பழைய காற்று வெளியே போக முடியாமல் தங்கிவிடுகிறது. புதுக் காற்றுக்கு இடமில்லை. அதனால்தான் அவள் உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் மூச்சு விட்டாள். அப்படி விட்டால் குழாய்கள் சற்று நேரம் மூடாமல் இருக்கும். யாரும் சொல்லித் தராமல் அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

அரசு மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டர் இளம்பெண், தமிழர்.

"ஆண்ட்டி, நீங்க சிகரெட் பிடிச்சதுண்டா?"

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா அந்தக் கருமம்?"

"வீட்டுல யாரும் பிடிக்கிறாங்களா? அங்கிள்?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

"முன்னாடி பிடிச்சேன். இப்ப இல்ல" என்றேன். பிறகு அவர் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். "கல்யாணத்துக்கு முன்ன இவங்க தோட்டத்துல புகைவீட்டுல வேலை செஞ்சாங்க டாக்டர். ரப்பர் ஷீட்ட விறகுப் புகையில காய வைப்பாங்கல்ல, அங்க."

அது உண்மைதான். கரங்கான் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சில வருடங்கள் அந்தப் புகையில் நின்றிருக்கிறாள். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அன்று முதல் உறவினர் யார் கேட்டாலும் புகைவீடு என்றே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

சிகரெட்டை நிறுத்தினேன் என்பதும் உண்மைதான். சுருட்டை நிறுத்தவில்லை.

அவள் அப்பா கும்பிட்ட முனியாண்டி எங்கள் வீட்டு வாசலில் இருந்தார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாறி ஆட்கள் கலைந்தபோது, அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்பு மேடை கட்டி, சூலம் நட்டோம். வெள்ளிக்கிழமை அவருக்குச் சுருட்டு வைக்க வேண்டும். அதை வீட்டு ஆண்பிள்ளைதான் பற்றவைக்க வேண்டும். சுருட்டு ஊதுபத்தி மாதிரி இல்லை. வாயில் வைத்து இழுத்தால்தான் நெருப்புப் பிடிக்கும், அணையாமல் இருக்க இடையிடையே இழுக்க வேண்டும். டாக்டரிடம் போய் வந்த பிறகு வெள்ளிக்கிழமையோடு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு தினமும் ஆயிற்று. சாமி காரியத்தை யார் கேட்பார்கள்?

அவள் மட்டும் கேட்டாள், கிண்டலாக. ஜன்னல் கண்ணாடியில் வளையலால் தட்டுவாள்.

"ஏங்க, சாமி போதும்னுட்டாரு. உள்ள வாங்க."

ஒருநாள் அவள் தம்பி வந்திருந்தான். "என்ன மாமா, முனியாண்டிக்குத் தினமும் சுருட்டா? நல்ல சம்பளம்லா வாங்குறாரு!" என்றான்.

"பாவம்டா, அவருக்கும் நெஞ்சு கட்டிக்கப் போவுது" என்றாள் அவள், தன் இன்ஹேலரைக் காட்டி. "அவருக்கும் ஒரு பம்ப் வாங்கி வைக்கச் சொல்லு."

மூவரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு இருமலில் முடிந்தது. காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் புகை அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகும். அறிவியல் ஆசிரியரான எனக்கு அது தெரியாமலா இருக்கும்?

கடைசித் தடவை வளையல் சத்தம் கேட்டது ஒரு மாலை நேரம். சுருட்டு பாதி இருந்தது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். வழக்கமாகத் தட்டிவிட்டு ஏதாவது சொல்வாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதற்குக் குரல்வளை வழியாகக் காற்று வெளியேற வேண்டும், வகுப்பில் இதையும் சொல்லியிருக்கிறேன். நான் இன்னும் சில இழுப்பு இழுத்தேன். சத்தம் நின்றது. சுருட்டைச் சூலத்தின் அடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கட்டில் ஓரத்தில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பம்ப் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது.

மருத்துவமனையில் தொண்டை வழியாகக் குழாய் செருகினார்கள். ஓர் இயந்திரம் காற்றை உள்ளே தள்ளியது, நிறுத்தியது, தள்ளியது. இது நாம் மூச்சு விடும் முறைக்கு நேர்மாறு என்று யோசித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் அதன் பிறகு பேசவில்லை. சில நாள்களில் போய்விட்டாள். வந்தவர்களுக்குப் புகைவீட்டைப் பற்றிச் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை, பசி வழக்கம்போல் எடுத்தது.

தீட்டு இருந்ததால் கருமாதி முடியும்வரை முனியாண்டிக்கு விளக்குக்கூட ஏற்றவில்லை. அதன் பிறகு அவள் தம்பி ஒரு கட்டுச் சுருட்டோடு வந்தான்.

"தீட்டு கழிஞ்சிருச்சு மாமா. சாமி பட்டினியா கெடக்கும். பத்த வைங்க."

ஒன்றை உருவி என் கையில் கொடுத்தான்.

"முனியாண்டி ஒருநாளும் இழுத்ததில்ல, தம்பி. நான்தான் இழுத்தேன். அன்னைக்கு உங்கக்கா மூச்சு விட முடியாம ஜன்னல்ல தட்டுனப்பவும் இழுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் சுருட்டுக் கட்டை மேடையின் ஓரத்தில் வைத்தான்.

"தட்டுனது தெரியாது மாமா" என்றான். "சுருட்டு தெரியும். நான் டாக்டர்கிட்ட சொல்றேன்னு கிளம்புனேன். அக்காதான் விடல. 'வாத்தியார்டா அவரு, அந்தச் சின்னப் பொண்ணு முன்னால அசிங்கமாப் போயிரும்'னுச்சு."

என் கையிலிருந்த சுருட்டை வாங்கி, பற்றவைக்காமலே சூலத்தின் அடியில் வைத்தான். கும்பிடவில்லை. தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு வரவில்லை.

நான் அங்கேயே நின்றிருந்தேன். ஜன்னல் மூடியிருந்தது. எனக்கு அந்தச் சுருட்டை எடுத்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.