பயந்த வீடுகளும் என் சைக்கிளும்

ஊசியும் மருந்தும் இல்லாமல் படலையைத் திறந்து வருகிற ஆளை யாரும் நம்புவதில்லை; எங்கள் தொழிலின் முதற் கஷ்டம் அதுதான். உடம்போ மனமோ மற்றப் பிள்ளைகளைப் போல வளராத சின்னஞ்சிறுசுகளின் வீடுகளுக்குப் போய், தாய் தகப்பனோடு இருந்து, பிள்ளையைப் பழக்க உதவுவது என் வேலை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் அதைச் செய்தேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது.

பிழையான வீடு

உரும்பிராயில் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவை அரைவாசி திறந்த அம்மா, "இஞ்சை சின்னப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லை. ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்" என்றார். உள்ளே ஒரு பிள்ளை முனகுவது எனக்கும் கேட்டது, எனக்குக் கேட்டது அவருக்கும் தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமையும் போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிறகொரு நாள் உள்ளே பெரிய இருமல். அம்மா என்னை மறந்து ஓடினார். நானும் பின்னால் போனேன். மூன்று வயது மகளைப் படுக்க வைத்துச் சோறு தீத்தியிருக்கிறார், அது புரைக்கேறிவிட்டது. பிள்ளையை நிமிர்த்தி மடியில் இருத்தி, தலை பின்னால் சாயாமல் நாடியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். மூச்சு வந்தது. ஒவ்வொரு வேளைச் சோற்றையும் அந்த அம்மா இப்படி நடுங்கித்தான் ஊட்டியிருக்கிறார். எப்படி இருத்தி ஊட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். ஆனால், இப்படியான பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றித் தூர இடத்து விடுதிகளில் விட்டுவிடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் எழும்பியபோது மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கொண்டுபோறதெண்டால் என்னையும் சேத்துக் கொண்டுபோங்கோ."

இரண்டு பேருக்குக் கேட்கும் காது

குருநகரில் மேரியக்காவின் மகள் யசிந்தாவுக்குப் பிறப்பிலேயே காது கேளாது. ஒரு காலை கரையில் வலை காயப்போட்ட இடத்தில் மேரியக்காவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். இராணுவ ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. எல்லோரும் கோயில் பக்கம் ஓடினார்கள். யசிந்தா மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஈர மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேரியக்கா சனத்தை இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி, அவளைத் தூக்கி வள்ளத்தடியில் விழுந்தார். ஹெலி கடலுக்கு மேலே சுட்டுவிட்டுப் போனது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கே ஒரு சைகை பழக்கினோம். கை இரண்டையும் நெஞ்சில் தட்டி வானத்தைக் காட்டினால் ஓடவேண்டும். யசிந்தா கெதியில் பிடித்துக்கொண்டாள். பிறகு காகம் பறந்தாலும் நெஞ்சில் தட்டினாள். சைகை வந்ததே, இனியாவது கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கள் என்று மேரியக்காவிடம் சொன்னேன். "அவளுக்கு உந்தச் சத்தம் கேக்காதது நல்லதெண்டு சனம் சொல்லுது, ரீச்சர். அவளுக்கும் சேத்து நான்தான் கேக்க வேண்டிக் கிடக்கு."

புகையிலைத் தோட்டம்

கமலாவும் நானும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பயம் வரும்போது ஆறுதலாக மூச்சை இழுத்து விடுங்கள் என்று தாய்மாருக்குப் பழக்குவது அவளுடைய பொறுப்பு. ஒருநாள் வழியில் குண்டு போடுகிற பொம்பர் வர, சைக்கிளைப் போட்டுவிட்டுப் புகையிலைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் இருவரும் குப்புற விழுந்தோம். சேற்றில் முகத்தை வைத்தபடி கமலா சொன்னாள்: "இழுத்த மூச்சு வெளியாலை வருகுதில்லையடி."

பங்கர்

காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த சரசக்கா, தமையன் வீட்டில் இருந்தார். மகன் குமரன் பேசமாட்டான், இருட்டைக் கண்டால் அலறுவான். பொம்பர் வந்தால் வீட்டுக்காரர் எல்லோரும் முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்குவார்கள். அவன் அலறுவது மேலே பறக்கிறவனுக்குக் கேட்டுவிடும் என்று தமையனுக்குப் பயம். கேட்காது என்று எவ்வளவு சொல்லியும் பயம் விடவில்லை. அதனால் சரசக்கா மகனோடு வெளியே மாமரத்தடியில் குந்தியிருப்பார்.

வானம் அமைதியாக இருந்த நாட்களில் குமரனைப் பங்கருக்குப் பழக்கினோம். முதலில் வாசற்படியில் குந்தி அவனுக்கு விருப்பமான பிஸ்கட் தகரத்தைத் தட்டினோம். பிறகு ஒரு படி கீழே. சில நாள் ஏறி ஓடிவிடுவான். திரும்பவும் முதற் படியிலிருந்து தொடங்குவோம். அப்படி ஒரு மாதத்துக்கு மேலே போனது. ஒரு பகல் நான் அங்கே நிற்கும்போதே பொம்பர் வந்தது. எல்லோருக்கும் முன்னால் இறங்கியவன் குமரன். குண்டு பக்கத்து ஒழுங்கையில் விழுந்து மண் கொட்டியது. அவன் தகரத்தைக் கட்டிப்பிடித்து உறுமினானே தவிர அலறவில்லை. மேலே ஏறி வந்ததும் மகனின் தலையில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டபடி சரசக்கா சொன்னார்: "இண்டைக்குத்தான் ரீச்சர், நான் குண்டுக்கு மட்டும் பயந்தன்."

சனிக்கிழமைக் கூட்டம்

பெற்றோரை ஒன்றாக இருத்திக் கதைக்க வைக்க வேண்டும் என்று நினைத்து ஒரு தேவாலய மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். முதல் சனிக்கிழமை எல்லோரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ஒரு கூட்டமும் தவறவிடாத தொண்டைமானாற்றுத் தகப்பன் ஒருவர், அன்றைக்கு உள்ளே வராமல் வாசலில் சைக்கிளோடு நின்றார். அவருடைய மகனுக்கு நடக்கவும் கதைக்கவும் இயலாது.

"எங்களுக்குப் பிறகு இதுகளை ஆர் பாக்கிறது?" என்று ஒரு தாய் கேட்டார். வாசலில் நின்றவர் தன் பாட்டில் சொல்வது போலச் சொன்னார்: "என்ரை பெடியன் எனக்கு முதல் போகவேணுமெண்டு சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்." சொன்னதும் எல்லோரும் தன்னைப் பழிக்கப்போகிறார்கள் என்று பயந்து சைக்கிளைத் திருப்பினார். அப்போது முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு தாய், மடியில் நித்திரையான பிள்ளையின் தலையைத் தடவியபடி, திரும்பிப் பாராமலே சொன்னார்: "உள்ளுக்கு வாங்கோ அண்ணை. நான் மாதாவிட்டைக் கேக்கிறதும் அதைத்தான்."

பயத்தைப் போக்குகிற வேலை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். அத்தனை வருடமும் சைக்கிள் மிதித்து நான் செய்தது, தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்களை ஒன்றாக இருந்து பயப்பட வைத்ததுதான்.