அந்த அம்மாள் எப்படிச் சிரிப்பார்?

யுத்த காலத்தில் பொம்மிடி ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து எண்ணெய்ச் சாயப் படம் எழுதிவந்தேன். உயிருள்ள முகங்களை எழுதவேண்டும் என்பது என் ஆசை. வந்தவர்களோ செத்தவர்களுக்குத்தான் படம் கேட்டார்கள். பிணத்தைப் பார்த்து முகத்தை எழுதி, கண்ணை மட்டும் நானாகத் திறந்துவைப்பேன்.

ஒருநாள் பாப்பிரெட்டிப்பட்டிப் பண்ணைக்காரர் ஒருவர் தம் தகப்பனார் படத்தை வாங்க மனைவியோடு வந்தார்.

"என்னைய இப்பவே எழுதுங்க. செத்த பொறவு எழுதுனா நான் எங்க பாக்கறது?" என்றார் அந்த அம்மாள்.

"உசுரோட எழுதுனா ஆயுசு கொறையும்டி. பேசாம வூட்டுக்கு நட!" என்று கணவர் அதட்டினார்.

வாசலில் நின்று அந்த அம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். என்னைத்தான் கூப்பிட்டார்கள். கண்ணுக்கு நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பார்வையை அப்படியே எழுதினேன்.

"என்னங்க, மொறைக்கறா! சிரிச்ச மாதிரி மாத்துங்க" என்றார் பண்ணைக்காரர்.

"அம்மா எப்படிங்க சிரிப்பாங்க?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் தன் மனைவியைப் பார்த்தான்.

"எல்லாரும் சிரிக்கற மாதிரிதானுங்க" என்றார் கடைசியில்.

அப்படியே மாற்றிக் கொடுத்தேன். மாலை போட்டு மாட்டினார்கள். உயிரோடு இருப்பதுபோலவே இருக்கிறதென்று ஊரே மெச்சியது. இன்றும் யாராவது என் படத்தை அப்படிப் புகழ்ந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.